பாறு கழுகுகள் 390 ஆக உயர்வு: நல்ல செய்திதான்... ஆனால் பாறைக் கூடுகளின் கணக்கு எங்கே?

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா ஆகிய 3 மாநிலங்களும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் நடத்திய கணக்கெடுப்பில் 390 பாறு கழுகுகள் இருப்பது தெரியவந்தது. 2023 டிசம்பரில் நடந்த கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 320. தமிழ்நாட்டில் மட்டும் 78-லிருந்து 157 ஆக உயர்ந்திருக்கிறது.

கேட்கவே சந்தோஷமா இருக்கு, இல்லையா? ஆனால் இந்த 157-க்குள் ஒரு சின்ன எண் ஒளிந்திருக்கிறது: 31. தமிழ்நாட்டில் பார்க்கப்பட்ட கருங்கழுத்துப் பாறுகளின் எண்ணிக்கை அது. செங்குத்தான பாறை முகடுகளில் மட்டுமே பெரும்பாலும் கூடு கட்டும் பறவை இது. இந்த 31 நாளை 60 ஆகுமா, 10 ஆகுமா? தலைகளை எண்ணுவதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. ஏன், வேறு எதையெல்லாம் எண்ண வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

கருங்கழுத்துப் பாறு... யார் இந்தப் பறவை?

நாம் பொதுவாகப் 'பிணந்தின்னிக் கழுகு' என்று சொல்லும் பறவைகளின் தமிழ்ப் பெயர் பாறு. மாயாறு பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள காடுகளிலும் 4 வகைப் பாறுகளைப் பார்க்கலாம். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு.

இவற்றில் வெண்முதுகுப் பாறு மரத்தில் கூடு கட்டும். மாயாறு பகுதியில் ஆற்றோரம் நிற்கும் நீர்மருது மரங்கள்தான் அதற்குப் பிடித்த இடம். கருங்கழுத்துப் பாறு அப்படியில்லை. அதற்குச் செங்குத்தான பாறையும், அதில் ஒரு திட்டும் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவில் பழைய அரச நினைவு மண்டபங்களின் உச்சியில்கூட இந்தப் பாறு கூடு கட்டுகிறது. உயரமான கல்மாடங்களும் அதற்குப் பாறை மாதிரிதான்.

நீலகிரியின் வடக்குச் சரிவு சீகூர் பீடபூமியை நோக்கி இறங்கும் இடத்தில் உள்ள பாறை முகடுகளில், தமிழ்நாட்டின் கருங்கழுத்துப் பாறுகள் கூடு வைக்கின்றன. எந்தப் பாறை என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில் புரியும்.

எப்படி இவ்வளவு குறைந்தன?

1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், அவற்றை யாரும் அக்கறையாக எண்ணவில்லை.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் கணக்கெடுத்து வைத்திருந்தார். 1990-களின் பிற்பாதியில் அதே இடத்தில் மறுபடி எண்ணியபோது பாறுகள் பெருமளவில் காணாமல் போயிருந்தன. அதேபோல 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் சாலை வழியாகப் பயணித்து எடுத்த ஒரு கணக்கும் கையில் இருந்தது. 2000-க்குப் பிறகு அதே சாலைகளில் திரும்பத் திரும்பப் போய் எண்ணினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதமும், கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் சேர்ந்து சுமார் 97 சதவீதமும் குறைந்திருந்தன.

பழைய கணக்கு ஒன்று கையில் இருந்ததால்தான் இந்த வீழ்ச்சியே தெரியவந்தது. அது இல்லாமல் போயிருந்தால் "முன்னாடி நிறைய பார்த்த மாதிரி ஞாபகம்" என்பதோடு முடிந்திருக்கும்.

காரணம் 2004-ல் தெரிந்தது. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, மாடுகளுக்குப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணிதான் கொலையாளி என்று கண்டுபிடித்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழக்கும். உடலுக்குள் உறுப்புகளின் மீது யூரிக் அமிலம் வெள்ளைப் படிவமாகப் படிந்து, சில நாட்களில் பறவை இறந்துவிடும்.

2006-ல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை மாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க, 2015-ல் ஊசி மருந்தின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளுக்கு 2023-ல் தடை வந்தது. வீழ்ச்சியின் வேகம் குறைந்தது. ஆனால் பழைய நிலை திரும்பவில்லை. கருங்கழுத்துப் பாறு இன்றும் உலக அளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில்தான் இருக்கிறது.

பாறு போனால் நமக்கு என்ன?

பாறுகள் இல்லாத ஊர்களில் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகளில் தள்ளப்பட்டன, தெருநாய்கள் பெருகின. அயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற 2 பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகள் அழிந்ததால் இந்தியாவில் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் ஏற்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறது.

சரி, கணக்கெடுப்புதான் நடக்கிறதே... அது போதாதா?

இப்போது நடப்பது ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு. 3 மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில், ஒரே நேரத்தில், குறிப்பிட்ட இடங்களில் நின்று வானத்தைப் பார்த்து எண்ணுகின்றன. பாறுகளுக்கு மாநில எல்லை தெரியாது. காலையில் முதுமலையில் பார்த்த பறவை மதியம் பந்திப்பூரிலோ வயநாட்டிலோ இருக்கலாம். தனித்தனி நாளில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு மூன்று முறை கணக்கில் வந்துவிடும். அந்த வகையில் இது சரியான முறை. தமிழ்நாடு அரசு 2022-ல் பாறு பாதுகாப்புக்காக மாநில அளவிலான குழுவையும் அமைத்தது.

ஆனால் இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த நாட்களில் குறைந்தது இத்தனை பறவைகள் கண்ணில் பட்டன. எண்ணிக்கை கூடினால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நிஜமாகவே குஞ்சுகள் பெருகியிருக்கலாம். எண்ணும் இடங்கள் கூடியிருக்கலாம். எண்ணியவர்களின் அனுபவம் கூடியிருக்கலாம். அன்று வானம் தெளிவாக இருந்திருக்கலாம். பக்கத்துக் காட்டிலிருந்து பறவைகள் வந்திருக்கலாம். எது காரணம் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. பாறு நீண்ட காலம் வாழும் பறவை. குஞ்சு பொரிப்பது நின்றுபோனாலும், இருக்கும் பெரிய பறவைகள் பல வருடங்கள் வானத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கணக்கெடுப்பில் எண் அப்படியே தெரியும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் கிராமம் மாதிரி. ஆள் கணக்கு சரியாக இருக்கும், பள்ளிக்கூடம் காலியாக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

கருங்கழுத்துப் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். சுமார் 50 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறக்க மேலும் 3, 4 மாதம் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஏறக்குறைய 5 வருடம் ஆகும்.

ஒரு பேச்சுக்கு 10 ஜோடிகள் என்று வைத்துக்கொள்வோம். 10 முட்டைகளில் 6 குஞ்சுகள் பறந்தால் அது நல்ல வருடம். அவற்றில் பாதி 5 வயதைத் தொட்டால், அந்த வருடத்தின் வரவு 3 பறவைகள். அதே வருடம் 20 பெரிய பறவைகளில் 4 இறந்துவிட்டால்? கணக்கு மைனஸ். பாறுகள் கூட்டமாக ஒரே சடலத்தில் இறங்கித் தின்பவை என்பதால், மருந்து கலந்த ஒரே ஒரு மாடு அந்த 4 பறவைகளையும் கொல்ல முடியும்.

இங்கே வரவு என்பது கூட்டிலிருந்து பறக்கும் குஞ்சுகள். செலவு என்பது இறக்கும் பெரிய பறவைகள். கணக்கெடுப்பு காட்டுவது வங்கி இருப்பை மட்டும். வரவு செலவு தெரியாமல் இருப்பை மட்டும் பார்த்துக் குடும்பம் நடத்த முடியாது.

பாறைக் கூட்டைக் கண்காணிப்பது ஏன் கஷ்டம்?

மரத்தில் இருக்கும் கூட்டை அண்ணாந்து பார்க்கலாம். பாறைக் கூடு அப்படியில்லை. கீழிருந்து பார்த்தால் திட்டின் விளிம்பு மறைக்கும். மேலே ஏறிப் போனால் பறவை பயந்து பறந்துவிடும். முட்டை வெயிலில் காயும், அல்லது குஞ்சு தடுமாறி விழும். எதிர்ப்பக்கம் ஒரு மேடு இருந்து, அங்கிருந்து ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அந்த மேட்டுக்குப் போக யானை, புலி நடமாடும் காட்டைக் கடக்க வேண்டும். மூடுபனி ஒரு பக்கம், வெயில் ஏறியதும் கானல் ஒரு பக்கம்.

பாறையில் வழியும் வெள்ளை எச்சத்தை வைத்துக் கூடு இருக்கும் இடத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஆனால் பறவை போன பிறகும் அந்த வெள்ளை சில காலம் அப்படியே இருக்கும். வெள்ளையைப் பார்த்துவிட்டு "கூடு இருக்கு" என்று எழுதினால் காலி வீட்டைக் குடும்பமாகக் கணக்கில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். ட்ரோன் விட்டால் வேலை சுலபம் என்று தோன்றலாம். அடைகாக்கும் பறவை ட்ரோன் சத்தத்தில் வெடுக்கென்று எழுந்தால் முட்டை உருண்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் எப்படிக் கண்காணிக்க வேண்டும்?

முறை ரொம்பப் பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. ஒழுங்கும் பொறுமையும்தான் வேண்டும்.

- பாறைக்கு ஒரு படம்: ஒவ்வொரு முகட்டையும் படம் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் வேறொருவர் வந்தாலும் அதே 7-ம் எண் திட்டைத்தான் பார்க்க வேண்டும்.

- ஒரே இடம், ஒரே நேரம்: பார்க்கும் மேடு, பார்க்கும் நேரம், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பது ஒவ்வொரு வருடமும் மாறக்கூடாது. அப்போதுதான் இந்த வருட எண்ணைப் போன வருட எண்ணோடு ஒப்பிட முடியும்.

- பருவத்துக்குக் குறைந்தது 3 முறை: கூடு கட்டும் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கிக் கோடை வரை நீளும். தொடக்கத்தில் போனால் எத்தனை ஜோடி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். நடுவில் போனால் குஞ்சு பொரித்ததா என்று தெரியும். கடைசியில் போனால் பறந்ததா என்று தெரியும். ஒரே ஒரு முறை போனால் தோற்றுப்போன கூடுகள் கணக்கிலேயே வராது. வெற்றி விகிதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

- "இல்லை" என்பதையும் எழுதுவது: போய்ப் பார்த்தோம், கூடு காலி என்பதும் ஒரு தகவல்தான். பறவை இருந்தால் மட்டும் குறிப்பெழுதும் பழக்கம் வீழ்ச்சியை மறைத்துவிடும்.

- உள்ளூர் மக்களின் கண்: நீலகிரியில் மலைத்தேன் எடுக்கப் பாறை இறங்கும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வருடம் முழுக்கக் காட்டில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் வருடத்தில் சில வாரம் வந்து போவார். இவர்கள் அங்கேயே இருப்பவர்கள். இவர்களுக்குப் பயிற்சியும் முறையான ஊதியமும் கொடுத்தால் கண்காணிப்பு திட்டக்காலம் முடிந்ததும் நின்றுபோகாது.

பாறையை மட்டும் பாதுகாத்தால் போதுமா?

போதாது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெங்களூரு அருகே ராமநகராவில் உள்ள பாறைக் குன்றுகள் 'ஷோலே' படம் எடுக்கப்பட்ட இடம் என்று பலருக்கும் தெரியும். அங்கே உள்ள ராமதேவர பெட்டா குன்றில் கருங்கழுத்துப் பாறுகள் கூடு கட்டியதால், 2012-ல் அது பாறு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாறை பத்திரமாக இருக்கிறது. பாறுகளோ கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின.

பாறு தூங்குவதும் முட்டையிடுவதும் பாறையில். சாப்பிடுவது அங்கே இல்லை. இரை தேடி ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் சுற்றும். மகாராஷ்டிராவின் தடோபா புலிகள் காப்பகத்தில் 2024-ல் விடுவிக்கப்பட்ட, சாட்டிலைட் டேக் பொருத்திய ஒரு பாறு தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் வரை வந்து சேர்ந்தது. அதனால்தான் கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் வட்டத்தையே மருந்து ஆபத்து இல்லாத 'பாறு பாதுகாப்பு மண்டலம்' ஆக்க வேண்டும் என்ற யோசனை வந்தது. நீலகிரியை மையமாக வைத்து அப்படி ஒரு வட்டம் போட்டால், அதற்குள் 3 மாநிலங்களின் கிராமங்களும், சந்தைகளும், மருந்துக்கடைகளும் வந்துவிடும்.

இன்னும் விடை தேட வேண்டிய கேள்விகள் என்ன?

1. பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன? காட்டில் புலி மிச்சம் வைத்த மானையா, ஊருக்கு வெளியே கிடக்கும் மாட்டையா? இதற்கு டேக் பொருத்திய பறவைகள் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் பாறுகளுக்கு டேக் பொருத்தி இப்படிப்பட்ட ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் 31 பறவைகளே உள்ள இடத்தில் பிடித்து டேக் கட்டுவதற்கும் ஓர் ஆபத்து உண்டு. எத்தனை பறவைக்கு, யார், எப்படிச் செய்வது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

2. நீலகிரிப் பாறுகள் தனித்தீவா? இங்குள்ள பறவைகளுக்கும் மத்திய இந்தியப் பறவைகளுக்கும் உறவு இருக்கிறதா? பாறைக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் இறகுகளிலிருந்து மரபணுவை எடுத்து இதைச் சோதிக்கலாம். பறவையைத் தொடவே வேண்டாம்.

3. மாட்டுச் சடலங்களில் மருந்து இருக்கிறதா? இதுதான் ரொம்பக் கறாராகச் செய்ய வேண்டிய சோதனை. சடலங்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் டைக்ளோஃபினாக் இருந்தாலே இந்தியாவில் நடந்த வீழ்ச்சிக்கு அது போதும் என்று 2004-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அப்படியென்றால் 100 சடலங்களைச் சோதித்து "எதிலும் இல்லை" என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆபத்து 101-வதில் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் மாதிரி எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்.

4. கடையில் என்ன விற்கிறார்கள்? "மாட்டுக்கு வலி மருந்து வேணும்" என்று சாதாரண வாடிக்கையாளராகப் போய்க் கேட்பது. எந்த மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது. இந்தியா, நேபாளம், வங்கதேசத்தில் இந்த மாதிரி மருந்துக்கடை ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தடை தாளில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை.

5. இறந்த பாறு எதனால் இறந்தது? மருந்தா, புலி மாட்டை அடித்த கோபத்தில் சடலத்தில் வைத்த விஷமா, மின்கம்பியா? இறந்த பறவையின் சிறுநீரகம், கல்லீரல் மாதிரிகளை அழுகும் முன் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் இதற்கான நச்சுயியல் வசதி இருக்கிறது. பறவை கிடைத்த அன்றே தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விஷயம்.

நல்ல மருந்தே இல்லையா?

இருக்கிறது. மெலாக்சிகம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதனையில் உறுதியாகியிருக்கிறது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படியே. மாட்டின் வலியைப் போக்குவதா, பாறைக் காப்பதா என்று தேர்வு செய்ய வேண்டிய நிலையே இல்லை. இரண்டும் முடியும். ஒரு புதிய வலிநிவாரணி சந்தைக்கு வந்து, பாறுகள் செத்து, பிறகு தடை போடுவது என்பதுதான் இதுவரை நடந்தது. சந்தைக்கு வரும் முன்பே பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிப்பது வழக்கமாக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

- மாடு வளர்ப்பவர் என்றால், கால்நடை மருத்துவரிடம் "மெலாக்சிகம் போடுங்க" என்று கேளுங்கள். மனிதர்களுக்கான வலி ஊசியை மாட்டுக்குப் போடாதீர்கள்.

- வலி ஊசி போட்ட மாடு சில நாட்களில் இறந்தால், அதைத் திறந்தவெளியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

- புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். சடலத்தில் விஷம் வைப்பது பாறுகளையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட.

- இறந்த அல்லது பறக்க முடியாத பாறைப் பார்த்தால் தொடாமல், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

- பாறைக் கூட்டைப் பார்த்துப் படம் எடுத்திருந்தால், இடத்தின் பெயரையும் லொகேஷனையும் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். ஒருவர் தூரத்தில் நின்று படம் எடுத்தால் தொந்தரவு இல்லை. அந்தப் பதிவைப் பார்த்து 50 பேர் வந்தால், வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவைக்கு அந்த வருடமே போச்சு.

அடுத்த கணக்கெடுப்பின் முடிவு வரும்போது, மொத்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பில்லை. கூடவே 3 கேள்விகளையும் கேட்போம். எத்தனை பாறைக் கூடுகளில் பறவை உட்கார்ந்தது? எத்தனை குஞ்சு பறந்தது? எத்தனை பெரிய பறவை இறந்தது, எதனால்? இந்த 3 எண்களும் வருடாவருடம் வெளியே வந்தால்தான் 31 என்பது தொடக்கமா, மிச்சமா என்று நமக்குத் தெரியும்.